எண்ண முடிகிறவரை

சொட்டுச் சொட்டாக என்றால் பயமில்லை.
எண்ண முடிகிற ரத்தம்
தானே நின்றுவிடும்.
கல்லூரியில் அப்படித்தான் சொன்னார்கள்,
பண்ணை பண்ணையாக நானும் சொல்லிவருகிறேன்.
ஸார்கோவின் பின்னங்கால்களுக்கு நடுவே
பதினொன்று, பன்னிரண்டு,
பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில்
இடைவெளி காணாமல் போனது.

நவம்பர். மாலை ஐந்து மணி.
இந்தத் தீவில் இருட்ட இன்னும் நேரமிருக்கிறது.
நீரிணையில் காற்று, படகு ஓடவில்லை.
அக்கரையில்தான் அறுவை அரங்கு,
அக்கரையில்தான் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள்.
இக்கரையில் டானிட்சா என்கிற நான்,
ஒரு பெட்டி மருந்து,
தலைக்கயிற்றைப் பிடித்தபடி மான்சீயா,
ஒரு கண் நீலமும் ஒரு கண் கறுப்புமாக
மூன்று வயதுக் குதிரை.

உதட்டை விலக்கினேன். ஈறு வெளுத்திருந்தது.
தாடைக்கடியில் நாடி அறுபத்துநான்கு.
கழுத்தில் இன்னும் கொஞ்சம் மயக்க மருந்து.
கையுறை மாற்றிக்கொண்டு
வெட்டின வாய்க்குள் விரல் விட்டேன்.
தண்டு மேலே ஏறிப் போயிருந்தது,
தொட்டதும் கொம்பை இழுத்துக்கொள்ளும் நத்தை மாதிரி.
இங்கே கண்ணுக்கு வேலையில்லை.
சூடு. வழுக்கல். சூடு.
பிறகு, விரல்நுனியில்
கோதுமை மணி அளவுக்கு ஒரு துடிப்பு.
பிடித்தேன்.
கவ்வியின் பல் கடித்தது.
ஒழுக்கு கொஞ்சம் யோசித்தது.
நின்றது.

கவ்வியை வெளியே எடுக்கவில்லை.
இரவெல்லாம் அங்கேயே கடித்துக் கிடக்கட்டும்.
சுற்றிலும் காஸ் துணி,
ஒரு சுருள், இன்னொரு சுருள், மூன்றாவதில் பாதி.
மேலே நாலு தையல்.

கருவிகளைக் கழுவும்போதுதான் தெரிந்தது.
நசுக்கி வெட்டும் இடுக்கியில் ஒரு பக்கம் நட்டு இருக்கும்.
நட்டு விதையைப் பார்க்க வேண்டும்.
விதிகளிலேயே சின்ன விதி,
முதல் வாரமே மனப்பாடம்.
திருப்பிப் பிடித்தால்
விழப்போகிற பக்கம் நசுங்கும்,
உடம்போடு தங்குகிற பக்கம்
குழாயாய்த் திறந்து நிற்கும்.
வாளிக்கு மேலே என் கை
இன்னமும் திருப்பித்தான் பிடித்திருந்தது.

இருநூற்றுச் சொச்சம் குதிரைகள்.
நோட்டில் எண் போட்டு வைத்திருக்கிறேன்.

கம்பளி வெட்டும் கொட்டகையில் உட்கார்ந்தோம்.
தகரக் கூரையைக் காற்று உரித்துக்கொண்டிருந்தது.
மான்சீயா மாத்தேக்குச் சுடுதண்ணீர் ஊற்றினார்.
இரண்டு மணிக்கு நாடி ஐம்பத்திரண்டு.
மூன்றரைக்கு நாற்பத்தாறு.
ஸார்கோ வைக்கோலை முகர்ந்தது, தின்னவில்லை.

நான்தான், என்றேன்.
இடுக்கியைத் தப்பாகப் பிடித்துவிட்டேன்.

குழலை உறிஞ்சி முடித்தார்.
"பார்த்தேன்.
நட்டு நான் நின்ன பக்கமா இருந்துச்சு.
எத்தனையோ குதிரைக்குப் பிடிச்சுக் குடுத்திருக்கேன்,
இப்படிப் பார்த்ததில்லை.
புது முறை ஏதோ வந்திருக்குன்னு நினைச்சேன்.
டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கறது?"

கோபம் வந்தது.
யார்மேல் என்று
அந்த நேரத்தில் பிரித்தெடுக்க முடியவில்லை.
குடுவையை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.
கசந்தது.

மறுநாள் மாலை தையலைப் பிரித்தேன்.
முதலில் கவ்வி.
பிறகு துணி, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது,
கறுப்பு, செங்கல், கடைசியில் வெளிறின ரோஜா.
இருவரும் குனிந்து நின்றோம்.
ஒன்று.
ஒரு ஆடு கத்தி ஓய்ந்த பிறகு, இரண்டு.
மூன்று வரவில்லை.

நாளையிலிருந்து நடத்துங்கள்,
காலையில் அரைமணி, மாலையில் அரைமணி.
அவன் மறுப்பான், விடாதீர்கள்,
நடக்காவிட்டால் வீங்கும்.
காய்ச்சலோ நாற்றமோ வந்தால் கூப்பிடுங்கள்.
ஈரமாய், வெள்ளையாய் ஏதாவது தொங்கினால்
ஓடிவந்து கூப்பிடுங்கள்.
கேட்கத் தோன்றினாலும்.

பணம் வேண்டாம் என்றேன்.
அவர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.
கழுவி வைத்த இடுக்கியை எடுத்தார்,
ஆட்டு முதுகில் குறி போடுகிற நீலச் சாயத்தில்
நட்டை மட்டும் முக்கினார்.
வேலியில் தொங்கவிட்டார்.
வழிந்து புல்லில் விழுந்தது,
எண்ணவில்லை நான்.

கையை நீட்டினேன்.
"இருங்க," என்றார்,
"காயட்டும்."